கூட்டு வீட்டுத் தண்டல்

செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் ஒரு கலியாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பொன்னையா வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளிகளைப் பார்ப்பவர். வழக்கமாக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் முதலாளியின் காப்பியில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். அன்றைக்கு வாசலோடு நின்றுவிட்டார்.

"தண்டல் போயிட்டார், தம்பி."

எப்போது என்று கேட்டேன்.

"முந்தநாள். நேற்றே அடக்கியாச்சு. நான் லீவிலை நிண்டனான். இண்டைக்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும்."

"எங்களுக்கு ஏன் சொல்லி அனுப்பல?"

"யாருக்குச் சொல்லுறது? வார்டிலை கேட்டவை. வீடு இல்லை, ஆக்களும் இல்லை, கடை வாசல் அஞ்சடியிலைதான் படுக்கிறனான் எண்டு அவரே சொன்னவராம்."

கையில் இருந்த எழுத்துகளை எந்தக் குழியில் போட்டேன் என்று தெரியாது. மறுநாள் வேலை செய்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். எனக்கு அப்போது வந்தது அழுகை அல்ல, கோபம். இப்போது இதை எழுதும்போதும் அந்தக் கோபம் முழுவதும் போகவில்லை. இரங்கல் கட்டுரையில் செத்தவர்மேல் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். தண்டல் அவர்களை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவரோடு ஒரு வாரம் பழகிவிட்டு ஒரு தடவையாவது கோபித்துக்கொள்ளாதவர் இந்தப் பினாங்குப் பட்டணத்தில் கிடையாது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டல் என்பது தொழில். பெயர் நயினா முகம்மது. நாகூர்ப் பக்கத்துக்காரர். கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, அங்கிருந்து மூட்டைகளைக் கரைக்கு ஏற்றிவரும் தொங்கான் படகு ஒன்றில் ஆட்களுக்குத் தலைவராக இருந்தார். ஆள் குட்டை. குரல் மட்டும் கப்பலுக்கும் கரைக்கும் எட்டும். காது கூசும்படி வைவார். வைத பிறகு, யாரை வைதோம் என்பதையே மறந்துவிட்டு அவனையே சாப்பிடக் கூப்பிடுவார். படிப்பு கிடையாது. கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆனால் இந்தப் பட்டணத்தில் வந்திறங்கித் தலை சாய்க்க இடம் தேடிய வாலிபர்களுக்கு, சொந்தக்காரனுக்கும் முதலாளிக்கும் கும்பிடு போடாமல் படுக்க ஓர் இடம் உண்டாக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்த நாளில் கலியாணம் ஆகாத பையனுக்கு இங்கே யாரும் வீடு கொடுக்கமாட்டார்கள். இப்போதும் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம். கடைச் சிப்பந்தி கடையிலேயே, மூட்டைக்கும் மேசைக்கும் நடுவே படுத்துக்கொள்ள வேண்டும். வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போகும். மற்றவர்களுக்கு அஞ்சடி இருந்தது. கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற நடைபாதையைத்தான் அப்படிச் சொல்வோம். தண்டல் அவர்களும் கப்பலிலிருந்து இறங்கிய புதிதில் அஞ்சடியில்தான் கிடந்தார். ஒரு நாள் விடிந்து எழுந்தபோது பக்கத்தில் படுத்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. முனிசிபல் வண்டி வந்து அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிற்று. "பேரு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. ஒரு மாசமா அவன் முதுகுல முதுகை வச்சுப் படுத்திருக்கேன், பேரு கேட்டதில்ல" என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவருடைய பெரிய குரல் காணாமல் போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவரும் படகுக்காரர்கள் சிலரும் சேர்ந்து, சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கயிற்றுக் கடையின் மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். அதற்குக் கூட்டு வீடு என்று பெயர் வந்தது. இந்துவும் இருந்தான், முஸ்லிமும் இருந்தான். "மாடும் வேணாம், பன்னியும் வேணாம், கருவாடு யாருக்கும் விரோதமில்ல" என்பது குசினிச் சட்டம். தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்தத் தொட்டியில் யார் யார் மொள்ளுகிறார்கள் என்று விசாரித்தார். தண்டல் அவர்கள் படிக்கட்டிலிருந்தே கத்தினார்: "ஏன்லா, கப்பல்ல வரும்போது உனக்குன்னு தனியாவா கடலு குடுத்தாங்க?" விசாரித்தவர் அந்த வீட்டில் பல வருஷம் இருந்துவிட்டுப் போனார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அச்சகத்தில் புதிய ஆள். எனக்கு அவர் காட்டியது அரைப் பாய். அதுதான் அந்த வீட்டின் முறை. ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகலில் வேலை செய்கிறவன் இரவில் படுப்பான். இரவில் வேலை செய்கிற ரொட்டிக்கடைக்காரன், ஜாகா என்கிற காவல்காரன், கப்பல் மூட்டைக்காரன் பகலில் அதே பாயில் படுப்பான். கப்பல் மாலுமிகளிடமிருந்து தண்டல் அவர்கள் பிடித்துக்கொண்டு வந்த வழக்கம் இது. வாடகை பாதியாகிவிடும், வீட்டில் ஆட்கள் இரண்டு மடங்காவார்கள். அரைப் பாயில் முகத்தைச் சுளித்தால் அவர் சொல்வது இது: "ஒரு பாய் சும்மா கிடந்தா, ஒருத்தன் தெருவுல கிடக்கான்னு அர்த்தம், தம்பி."

இந்த முறைக்கு ஒரு மானம் மரியாதை இருந்தது. வெளியே இருக்கிறவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். எழுந்து போகிறவன் பாயைச் சுருட்டக்கூடாது. வருகிறவன் அதன் சூடு ஆறுவதற்குள் படுத்துவிட வேண்டும். பாயைத் தட்டி உதறிவிட்டுப் படுப்பது கூட்டாளியை அவமானப்படுத்துவது. தலையணையும் போர்வையும் பொது. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்றால் பாயை மாற்றிக் கேட்கக்கூடாது. கேட்டவனை மற்றவர்கள் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். "அவன் நல்லா இருக்கும்போது படுத்தியே, இப்ப மட்டும் ஆகாதா?" என்பார்கள். பெற்ற தாயை விட்டுக் கடல் கடந்து வந்த பையன்களுக்கு அந்தச் சூடுதான் உறவாக இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

என்னுடைய பாய்க்கூட்டாளி ரொட்டிக்கடை மஸ்தான். நான் எழுந்திருக்கும் நேரத்துக்கு அவன் படியேறி வருவான். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். ஒரு துணியில் சுற்றிச் சூடான ரொட்டித் துண்டு கொண்டுவந்திருப்பான். "இந்தா, ஆறிடப் போவுது" என்பான். நான் முகம் கழுவும்போதே அவன் தூங்கியிருப்பான். எங்கள் சிநேகிதம் முழுவதும் அந்தச் சில நிமிஷங்கள்தான். பண்டிகை நாட்களில் இரண்டு பேருக்கும் லீவு கிடைத்தால், பாய்க்கு யார் சொந்தக்காரன் என்று தெரியாமல் இருவருமே உட்கார்ந்தபடி தூங்கி விழுந்துகொண்டிருப்போம். தண்டல் அவர்கள் அதைப் பார்த்து வீடு அதிரச் சிரிப்பார்.

மஸ்தான் இரும ஆரம்பித்தபோது மாவுத் தூசி என்றான். நாங்களும் அப்படியே நினைத்தோம். பிறகு மெலிந்தான். பிறகு துணியில் ரத்தம் கண்டது. நான் பாயை மாற்றிக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. டிரெஸ்ஸர் பொன்னையா அவனைப் பார்க்க வந்தபோதுதான் இந்தப் பாய் முறையைத் தெரிந்துகொண்டார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இது சயரோகம், தண்டல். உங்கட பாய்தான் இதைப் பரப்புது. ஆளுக்கொரு பாய் குடுங்கோ. சன்னலைத் திறந்து விடுங்கோ. இல்லாட்டி ஒவ்வொருத்தனாய்ப் போவான்."

"ஆளுக்கொரு பாயா? பாதிப் பேரை எங்க அனுப்பறது? உங்க ஆஸ்பத்திரிக்கா?" என்றார் தண்டல் அவர்கள்.

மஸ்தான் ஆஸ்பத்திரியில் இறந்தான். அவன் ரொட்டி கொண்டுவராத காலைகள் எனக்குப் பழக ரொம்ப நாள் ஆயிற்று. அவனுடைய பகல் பாதியை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. டிரெஸ்ஸர் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். பாய் பகல் முழுவதும் சும்மா கிடந்தது. தண்டல் அவர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் அவருக்கென்று தனி மூலை ஒன்று இருந்தது. வீட்டுத் தலைவருக்கு எல்லாருமாகச் சேர்ந்து கொடுத்த இடம். அதைப் புதிதாக வந்த இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார். படகில் இரவு முறைக்கு மாறிக்கொண்டு, மஸ்தான் படுத்த பாயில் பகலில் தாமே படுத்தார். அந்தத் தலையணையிலேயே தலையை வைத்தார்.

"பாருங்கடா. பாய்க்கு என்ன நோய்?" என்றார்.

டிரெஸ்ஸரை எதிர்த்துச் செய்த வீம்பு இது. இதைத் தியாகம் என்று எழுதச் சொன்னார்கள் சிலர். எழுதமாட்டேன். அவர் பிழை செய்தார். தெரிந்தவர் சொன்னதைக் கேட்காமல், தம் நெஞ்சில் பட்டதே சரி என்று நின்றார். அவருக்குப் பயம் நோயைக் கண்டு அல்ல, தெருவைக் கண்டு. அந்தப் பயத்தில் அவருக்கு மற்றது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே பல மாதங்கள் தண்டல் அவர்களே என் பாய்க்கூட்டாளியாக இருந்தார். காலையில் படியேறி வரும்போது உப்புத் தண்ணீர் வாசமும் கயிற்று வாசமும் வரும். "எந்திரி, துரை! உன் ஆட்சி முடிஞ்சிது" என்று காலால் என் பாதத்தைத் தட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்கள் படகிலும் கால்நடையாகவும் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அஞ்சடியில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. கூட்டு வீட்டுப் படிக்கட்டில் பையன்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அரைப் பாய் கூட வேண்டாம், படியில் உட்கார்ந்து தூங்கிக்கொள்கிறோம் என்பார்கள். அவர்களைப் பார்த்த பிறகு ஆளுக்கொரு பாய் என்று யார் பேசுவது?

வீட்டுக்குள்ளே இன்னும் இரண்டு பேர் இரும ஆரம்பித்தார்கள். இருவரும் ஒரே பாய்க்கூட்டாளிகள். ஒருவன் முதலில் போனான். மற்றவன் அந்தப் பாயை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டு அதிலேயே கிடந்தான். கூட்டாளியை விட்டு ஓடினேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதாம். அவனும் போனான். அவனைக் குளிப்பாட்டித் தூக்கியபோது அவனுக்கு இருபத்தோரு வயது. தண்டல் அவர்கள் அன்று பகலில் படுக்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை முடிந்து வந்தபோதும் அப்படியே இருந்தார்.

"டிரெஸ்ஸர் சொன்னது சரிதான், தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வந்ததை நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து எல்லாப் பாய்களையும் கீழே கொண்டுவரச் சொன்னார். பின்சந்தில் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தாமே பற்றவைத்தார். ஒரு சீனத்துக் கிழவி வந்து இதென்ன பண்டிகை என்று மலாயில் கேட்டாள். புகைக்குப் பின்னால் இருந்து தண்டல் அவர்கள் பேசினார்.

"இனிமே ஆளுக்கொரு பாய். பாதிப் பேரு போகணும். யாரு போறதுன்னு நான் சொல்லமாட்டேன். எனக்குச் சொல்லத் தெரியாது. மொத ஆளு நான். எனக்குப் படகுக்காரத் தவுக்கையோட கிடங்குல இடம் இருக்கு."

அந்த முதலாளியின் கிடங்கில் அவருக்கு ஓர் அறை இருப்பதாகத்தான் நாங்கள் அவ்வளவு பேரும் நம்பினோம். அவர் போன பிறகு, உறவுக்காரர் இருந்தவர்கள் உறவுக்காரரிடம் போனார்கள். சிலர் அரசாங்கம் ஊருக்கு அனுப்பிய கப்பலில் ஏறினார்கள். சிலர் எங்கேயும் போவதற்கில்லாமல் அஞ்சடிக்குப் போனார்கள். அவர்களில் கோவிந்தன் என்ற ஒரு பையன் மழைக்காலத்தில் ஒரு பூட்டிய கடைக்கு முன்னால் செத்துக் கிடந்தான். எங்கள் வீட்டில் பாய் கிடைத்திருந்தால் அந்த மழையில் நனைந்திருக்கமாட்டான்.

நான் துறைமுகத்துக்குப் போய்த் தண்டல் அவர்களிடம் சொன்னேன். அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போகப் போக, "அங்கயே நில்லு, தம்பி. காத்துக்கு அந்தப் பக்கம் நில்லு" என்றார்.

"பாய்ல படுத்தவனும் போனான். பாய் இல்லாதவனும் போனான். நான் எதைத்தான் செய்யணும்? நீ படிச்சவன், சொல்லு."

வாடகையைக் குறைத்தால் காற்றுக் குறைகிறது, காற்றைக் கூட்டினால் ஆள் தெருவுக்குப் போகிறான். இதற்குப் பெரிய பெரிய பங்களாக்களில் இருக்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு தொங்கான் தண்டலிடம் அந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டு ஊரே ஒதுங்கிக்கொண்டது.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்துக்கு வருவார். மேலே ஏறமாட்டார். கீழே நின்றபடி, "ஜன்னலைத் தொறந்து வையுங்கடா! அடைச்சு வச்சிக்கிட்டு என்ன புழுங்கல் அரிசியா அவிக்கிறீங்க?" என்று கத்துவார். நாங்கள் மேலே கூப்பிட்டால், "படி ஏறினா முட்டி வலிக்குது, லா" என்று நடந்துவிடுவார். பாய் விஷயத்தில் தோற்றுப்போன வருத்தம், அதனால்தான் வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறார் என்று பேசிக்கொண்டோம். போகப் போக அந்தக் குரல் மேல்மாடிக்கு எட்டுவது குறைந்தது. கயிற்றுக் கடைக்காரர்தான் மேலே வந்து, "உங்க தண்டல் கீழ நிக்கிறாருப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. கப்பல் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தோம்.

டிரெஸ்ஸர் செய்தி சொன்ன அன்று மாலை நான் முதலில் அந்தக் கிடங்குக்குப் போனேன். அங்கே அவருக்கு அறை எதுவும் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. கிடங்கு வாசலின் ஜாகா, சுவரோரமாக ஒரு சாக்கைக் காட்டினார். "இங்கதான் படுப்பாரு. கிட்ட யாரும் வரக்கூடாதும்பாரு. நான் டீ வாங்கிக் குடுத்தாக்கூட தூர வச்சிட்டுப் போன்னுவாரு" என்றார்.

அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. நோய் தம்மைப் பிடித்துவிட்டது என்று தெரிந்தே வீட்டை விட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வீட்டைச் சொன்னால் சுகாதாரத்துக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பூட்டிவிடுவார்கள், மீதிப் பையன்களும் தெருவுக்குப் போவார்கள் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். எத்தனையோ பேருக்கு வீடு கொடுத்தவர் வீடில்லாதவனாகச் செத்திருக்கிறார். நாதியற்ற மையித்து என்று பள்ளிவாசலிலிருந்து யாரோ புண்ணியவான்கள் எடுத்து அடக்கியிருக்கிறார்கள். தூக்குவதற்குத் தோள் கொடுக்க எங்கள் மாடியில் அத்தனை பேர் இருந்தோம். அதனால்தான் எனக்குக் கோபம்.

அன்றைக்கே எல்லாரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். மஸ்தானும் தண்டலும் படுத்த அதே பாயில் படுத்தவன் நான் என்பதால், டிரெஸ்ஸர் ஏற்கெனவே என் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்திருந்தார். எனக்கு ஒன்றுமில்லையாம். ஏன் இல்லை என்பது அவருக்கும் தெரியவில்லை. எல்லாருமே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிக்கொள்வோம், விலாசம் கேட்டால் உள்ளதைச் சொல்வோம் என்றேன். வேலாயுதம் பாய்ந்து எழுந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், தண்டலின் செல்லப்பிள்ளை.

"அவரு உசிரக் குடுத்துக் காப்பாத்தின வீட்டை நீங்க காட்டிக்குடுக்கப் போறீங்களாண்ணே? அவரு எதுக்குச் செத்தாருன்னு இன்னுமா புரியலை?"

பலரும் அவன் பக்கம்தான் பேசினார்கள். நியாயமும் அவன் பக்கம் இருப்பதுபோலத்தான் எனக்கும் தோன்றியது. டிரெஸ்ஸரைக் கேட்டோம். "பூட்டினாலும் பூட்டுவினம். துப்புரவாய்க் கிடக்கு எண்டு விட்டாலும் விடுவினம். நான் வாக்குக் குடுக்கமாட்டன்" என்றார். அன்று ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தோம்.

மறுநாள் காலை வேலாயுதத்தின் பாய் சுருட்டிக் கட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. அவன் துணிமூட்டையோடு படியிறங்கிக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டேன். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றான். அவனுக்கு இந்த நாட்டில் சொந்தக்காரர் கிடையாது. மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். அப்போது அந்த இருமல் வந்தது. எனக்கு அது புதிதில்லை. மஸ்தானிடம் கேட்ட இருமல்.

"விடுங்கண்ணே. நானும் அவரு மாதிரியே போயிடுறேன். வீடு தப்பிச்சிக்கும்" என்றான்.

தண்டல் அவர்கள் செய்ததன் பலன் இதுதான் என்று கண்ணெதிரே கண்டேன். அவர் ஒருவர் மறைந்து வீட்டைக் காப்பாற்றினார். இனி நோய் வருகிற ஒவ்வொரு பையனும் அதுதான் ஆண்மை என்று நினைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சாக்கைத் தேடிப் போவான். மருந்துக்கும் போகமாட்டான். அப்படிக் காப்பாற்றப்படுகிற வீடு யாருக்கு? நோய் வந்தவனுக்கு ஆகாத வீட்டுக்கு என்ன மரியாதை?

வேலாயுதத்தைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழி முழுவதும் என்னை வைதான். தண்டலிடம் நன்றாகத்தான் கற்றிருந்தான். வார்டில் இருந்தவர் அவனிடம், எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு "அஞ்சடி" என்றான். நான் முன்னால் போய், "பொய் சொல்றான். எங்க வீட்டுப் பையன்" என்று சொல்லி வீட்டை அடையாளம் சொன்னேன். வேலாயுதம் அழுதான். வீடு போய்விடும் என்று அழுதானா, தனக்கு வீடு உண்டு என்று சொல்ல ஒருவன் இருந்தானே என்று அழுதானா, நான் கேட்கவில்லை.

சுகாதாரத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஜன்னல்களைப் பார்த்தார்கள், பாய்களை அளந்தார்கள், மூலை முடுக்கெல்லாம் மருந்து தெளித்தார்கள். மாடியில் குறுக்கே அடித்திருந்த தடுப்புப் பலகைகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டோம். பூட்டுவதா விடுவதா என்று இன்னும் சொல்லவில்லை. பூட்டினால் எங்களில் பலருக்கு அஞ்சடிதான். அது தெரிந்தே, வேலாயுதத்தின் கதியைப் பார்த்த பிறகு, எல்லாருமாகச் சம்மதித்து இதை எழுதச் சொன்னார்கள். வேலாயுதம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பிழைப்பான் என்று டிரெஸ்ஸர் சொல்லவில்லை. பிழைக்கமாட்டான் என்றும் சொல்லவில்லை. நாங்கள் முறை வைத்துப் போய்ப் பார்க்கிறோம். அவன் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில்தான் தண்டல் அவர்கள் கிடந்தாராம்.

நேற்று மையவாடிக்குப் போனோம். புதைத்த இடத்தைக் காட்டக் குழி வெட்டுகிறவருக்கே சற்று யோசனையாக இருந்தது. ஈரம் காயாத மண், தலைமாட்டில் ஓர் ஒடித்த கிளை, அவ்வளவுதான். எங்களில் முஸ்லிம்கள் கையேந்தி நின்றார்கள், நாங்கள் கைகூப்பி நின்றோம். தலைமாட்டில் நட ஒரு மீசான் பலகை செய்து கொண்டுபோயிருந்தோம். எழுத்து என் கைவேலை. பெயருக்குக் கீழே, சூலியா தெருச் சந்து, கயிற்றுக் கடை மேல்மாடி, கூட்டு வீடு என்று எழுதியிருந்தேன். ஓதுவதற்காகக் கூட வந்திருந்த லெப்பை அதைப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"மீசான்ல விலாசம் போடற வழக்கம் இல்லையே, தம்பி."

"இவருக்கு மட்டும் போட்டுக்கிறோம், லெப்பை" என்றேன். அவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தாமே பலகையை வாங்கி நட்டார்.

கபுறுக் குழிக்குள் மலக்குகள் என்னும் வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள் என்று மஸ்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான். என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தண்டல் அவர்களே, அவர்கள் கேட்கிற கேள்விகளில் உங்கள் வீடு எங்கே என்பதும் இருந்தால், இந்தத் தடவையாவது பொய் சொல்லாதீர்கள். தலைமாட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.